தறியை நிறுத்தச் சொன்ன டாக்டர்

இறுதியாண்டுத் தேர்வு முடிவு வந்த மத்தியானம், அம்மாவுக்கு போன் செய்வதற்கு முன்பே நான் ஸ்டிக்கர் கடைக்குப் போய்விட்டேன். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் காது மடல் சுடுகிறது. சிவப்பில் ஒரு கூட்டல் குறி, அதன் கீழே 'டாக்டர்'. கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். வெயிலில் அது உரிந்துபோனால் மறுபடியும் வெறும் ஆளாகிவிடுவேனே என்று பயந்து இரண்டாக வாங்கினேன்.

சட்டப்படி அன்று நான் டாக்டர் இல்லை. ஹவுஸ் சர்ஜன் என்ற பெயரில் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்த பிறகுதான் முழுப் பதிவு. அந்த வருடம் தொடங்கவே இன்னும் நாள் இருந்தது. பரீட்சை எழுதித் தேறிய பையன் என்பதைத் தாண்டி எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனால் ஸ்டிக்கர் கடையில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒன்றை மொபெட்டின் முகத்தில் ஒட்டிக்கொண்டு சேலத்திலிருந்து குமாரபாளையம் வரை வந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரராவது நிறுத்தி, ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "போங்க சார்" என்று சொல்ல மாட்டாரா என்று ஏக்கமாக இருந்தது. ஒருவரும் சீந்தவில்லை. மற்றதை வீட்டு இரும்புக் கேட்டில் ஒட்டினேன்.

அப்பா நூல் வியாபாரி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். "கேட்டு எந்தக் காலேஜ்ல படிச்சுது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேட்டு ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட வந்தார்கள்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. முன்னறையில் மனிதர்கள் இருப்பார்கள், பின்கட்டில் தறிகள் ஓடும். இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லாத வீடுகளும் உண்டு. எங்கள் தெருக் குழந்தை தறி ஓடினால் தூங்கும், நின்றால் விழித்துக்கொண்டு அழும். தறி நிற்பதற்கு அங்கே இரண்டே காரணங்கள். ஒன்று கரண்ட் கட். அந்த வருடங்களில் அது சொல்லி வைத்த நேரத்துக்குத் தினமும் வந்தது. அதனால் அதில் செய்தி ஒன்றும் கிடையாது. மற்றது சாவு. ஒரு வீட்டில் உயிர் போனால் அந்த வீட்டுத் தறி முதலில் நிற்கும். சத்தம் குறைந்ததைக் கேட்டு அடுத்த வீட்டில் நிறுத்துவார்கள். பிறகு எதிர் வீடு, பிறகு அதற்கு அடுத்தது, கடைசியில் தெரு முழுக்க. உடலைத் தூக்கித் தெருமுனை தாண்டும்வரை ஒரு தறியும் ஓடாது. யாரும் யாருக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் கட் இல்லாத நேரத்தில் சத்தம் அடங்கினால், எந்தப் பக்கமிருந்து அடங்கி வருகிறது என்று பார்க்க ஜனங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இது எனக்குத் தெரியாததல்ல. நடக்கப் பழகுவதற்கு முன்பே தெரிந்தது. ஆனால் நாலரை வருடம் விடுதியில் தங்கித் தடித் தடிப் புத்தகங்களாகப் படித்ததில், வேறு பல விஷயங்களோடு இதுவும் மண்டையின் அடியில் எங்கோ போய்விட்டது.

நாலு வீடு தள்ளி ஒரு மாமா இருந்தார். உறவில்லை, தெரு முறைக்கு மாமா. சொந்தமாக லுங்கித் தறி ஓட்டினார். தொப்பைக்கு மேல் ஏறி நிற்கும் பனியன், பஞ்சு படிந்து நரைத்தது போல் இருக்கும் புருவம். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் என்னை வழிமறித்து மணிக்கட்டை நீட்டுவார்.

"ஏனுங்க டாக்டரே, புடிச்சுப் பாருங்க. நான் எப்பப் போவேன்?"

"அதெல்லாம் சொல்ல முடியாதுங்க மாமா."

"அப்பறம் என்ன எழவுக்கு இத்தன புஸ்தகம்? தேதியச் சொன்னீங்கன்னா அதுக்குத் தக்க தறியில பாவு நூல் ஏத்திக்குவேன்ல. பாதியில உட்டுப்போட்டுப் போனா உங்க அத்தை தேடி வந்து திட்டுவா."

உள்ளே ஊடைநூலைக் குச்சிகளில் தாராகச் சுற்றிக்கொண்டிருக்கும் அத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்வார். "பாவு முடிச்சுட்டுப் போனாலும் வந்து திட்டுவேன். நிம்மதியாப் போயிரலாம்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

ஸ்டிக்கர் ஒட்டிச் சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு காலையில் நான் லுங்கியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தையின் தம்பி கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். அக்காள் வீட்டிலேயே தறி ஓட்டுகிற, மாமாவின் மச்சினர் அவர்.

"டாக்டர்ங்க! கொஞ்சம் வாங்க. மச்சான் பேச்சுமூச்சில்லாமக் கெடக்கறாரு. தார் எடுக்கக் குனிஞ்சவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க."

கிண்டல் இல்லாமல் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர். அவர் சொன்ன செய்தி உள்ளே இறங்குவதற்கு முன் அந்த ஒரு சொல் இறங்கி, இனித்தது. கை கழுவிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கலாம். கழுத்தில் சரியாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு ஓடினேன்.

மாமாவைத் தறிகளுக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பதற்றத்தில் யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தைதான் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார், கையில் ஒரு தார்.

நான் மணிக்கட்டைப் பிடித்தேன். தரை அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது, என் விரலும் பயத்தில் துடித்தது. இதில் எந்தத் துடிப்பு மாமாவுடையது? கழுத்தில் விரல் வைத்தேன். அங்கேயும் அதே கதை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால், கட்டிலோடு சேர்ந்து அவர் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். மாமாவின் நெஞ்சுக்குள் எட்டுத் தறி ஓடியது.

"தறிய நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

மச்சினர் என்னைப் பார்த்தார். "சாமி…?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

வார்டில் எங்களை நாய் மாதிரி விரட்டிய பேராசிரியர் ஒருவரின் குரல் அது. என் தொண்டையில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை. பிறந்தது முதல் நான் போட்ட உத்தரவுகளில் நிறைவேறிய முதல் உத்தரவு அதுதான். மச்சினர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மெயின் சுவிட்சை இறக்கினார். தறிகள் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு ஓய்ந்தன.

பிறகு பக்கத்து வீட்டுச் சத்தம் நின்றது. பிறகு எதிர் வீட்டில். டாக்டருக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தில்கூட ஒத்துழைக்கிறார்களே என்று ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன். அவ்வளவு பெரிய மடையன்.

அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். அழவில்லை. வெளியே யாரோ ஒரு பெண் "ஐயோ, என் அண்ணா!" என்று வீறிட்டாள். அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. அதே நேரத்தில் காதுக் குழாய்க்குள், கிணற்றடியில் யாரோ தட்டுவது போல், மெதுவாக, விட்டு விட்டு, மாமாவின் இதயம் கேட்டது.

"உசுரு இருக்குதுங்க!" என்றேன்.

அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. முன்பு தறிச் சத்தத்தில் இதயம் கேட்கவில்லை. இப்போது ஒப்பாரியில் என் குரல் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். ஒரு பெரியம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "மொதமொதப் பார்க்கற சாவு கண்ணு. அப்படித்தான் இருக்கும். மனசத் தேத்திக்க." ஒருவர் வேட்டியில் கிழித்த துணியால் மாமாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். நான் அவிழ்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி கட்டினார். "தம்பி, ஆகற காரியத்தப் பாருங்க." வாசலில் ஒருவர் குளிர்பெட்டிக்கு போன் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், "கல்யாணத்துல எடுத்த போட்டோவே போதும்ப்பா, சிரிச்ச மொகமா இருக்கும்" என்று ப்ளெக்ஸ் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தெரு எந்த வேலையையும் தள்ளிப்போடாத தெரு.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அவர் காதில் வாய் வைத்து, "அத்தை, சத்தியமா உசுரு இருக்குது. நானே கேட்டேன்" என்றேன். என்னை எதற்காக நம்ப வேண்டும் என்பது போல் பார்த்தார். நியாயம்தான். கொஞ்ச நேரத்துக்கு முன் நிறுத்தச் சொன்னவனும் நான்தானே. வேறு வழி தெரியாமல் குழாயைக் கழற்றி அவர் காதில் மாட்டி, மறுமுனையை மாமாவின் நெஞ்சில் வைத்து அழுத்தினேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெடுநேரம் கேட்டது போல் எனக்கு இருந்தது. பிறகு குழாயை என் கையில் திணித்துவிட்டு எழுந்தார்.

"தறியப் போடுடா," என்றார் தம்பியிடம்.

"அக்கா, எழவூட்டுல…"

"போடுடாங்கறேன்."

தம்பி கை கூப்பினாரே தவிர நகரவில்லை. அத்தையே போய்ச் சுவிட்சைத் தூக்கினார். ஓரத்துத் தறியின் கைப்பிடியைத் தள்ளினார். தறி ஓட ஆரம்பித்தது. ஒப்பாரி சொல்லி வைத்தது போல் அறுந்தது. எழவு வீட்டில் தறி ஓடி அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. கால் கட்டியவர் தானே கட்டை அவிழ்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார்.

எதிர் வீட்டு வேனில் மாமாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்த பெரிய டாக்டர் என்னை ஓரமாக அழைத்து, செய்வதற்கு அதிகம் இல்லை என்றார். நடுவில் கொஞ்ச நேரம் வீணாகிவிட்டது, அதனால்தானா என்று கேட்டேன். இல்லை என்றார். இன்னொருவரிடம் கேட்டேன். அவரும் இல்லை என்றார். மூன்றாவது ஆளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் தெருவில் இரண்டு கதைகள் ஓடின. டீக்கடையில், உயிரோடு இருந்தவரை நான் கொன்றுவிட்டேன். கோயில் பக்கம், செத்தவரை நான் எழுப்பிவிட்டேன். கோயில் கட்சியைச் சேர்ந்த இரண்டு பேர் மறுநாள் காலையில் மூட்டு வலி என்று கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். அவர்கள் போனதும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். நல்ல பசை. 'டாக்' மட்டும்தான் வந்தது. 'டர்' அங்கேயே இருந்துவிட்டது. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதையும் நிதானமாகப் படித்துவிட்டுப் போனார். 

இரண்டொரு நாளில் மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூக்கில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். அதே கட்டில், அதே இடம். தறிகளும் ஓடின. கடமை உணர்ச்சியா, டீக்கடைக்குப் பதில் சொல்லும் வீம்பா தெரியவில்லை, நான் காலையும் மாலையும் போனேன். மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன். மச்சினரும் நானுமாக அவரைப் புரட்டிப் படுக்க வைத்தோம். தன் உடம்பைத் தானே தாங்காத மனிதனுக்கு எவ்வளவு எடை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அப்படிப் புரட்டியும் முதுகுக்குக் கீழே தோல் கறுத்து, உரிந்து, நாற ஆரம்பித்தது. இமைகள் முழுதாக மூடவில்லை. திறந்திருந்த கீற்றில் தறிப் பஞ்சு வந்து விழுந்தது. புருவத்திலும் உதட்டிலும் படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. ஈரத் துணியைக் கண்ணில் போட்டு வைத்தேன். அந்தத் துணியிலும் படிந்தது. நாலரை வருடத்தில் நான் படித்த நோய்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பெயரும் ஒரு சிகிச்சையும் இருந்தன. பஞ்சு எந்தப் பாடத்திலும் இல்லை.

"தறிய வேற பக்கம் மாத்த முடியாது. இவரையாவது முன்னால கொண்டு போயிரலாமுங்களா அத்தை?" என்றேன் ஒருநாள்.

"வேண்டாம் சாமி. இங்கயே கெடக்கட்டும்." மாமாவின் புருவத்தை முந்தானையால் ஒற்றினார். "நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து, ராத்திரி ஒரு தறி நின்னாலும் பதறிட்டு எந்திரிப்பாரு. அன்னைக்கு அத்தனையும் நின்னுச்சு. முழிக்கல. நீங்க என்ன சொன்னாலும், எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க."

நான் கண்ணில் போட்டிருந்த துணியை எடுத்து உதறி, மறுபடி நனைத்தேன்.

"ஆனா உசுரு இருக்கறவரைக்கும் தறி ஓடோணும்," என்றார். "நின்னா தெரு உள்ள வந்துரும். ஒருதரம் வந்தது போதும். அன்னைக்கு அவர் காலக்கூட என்னைத் தொட உடல, தள்ளிப்போட்டுப் போயிட்டாங்க. அடுத்த தரம் நீங்க சொல்லித்தான் நிக்கோணும். சொல்றப்ப எனக்கு மட்டும் மொதல்ல சொல்லுங்க. அவுங்க வாரதுக்கு முன்னால நான் கொஞ்ச நேரம் இவரு பக்கத்துல இருக்கோணும். செய்வீங்களா?"

செய்கிறேன் என்றேன். அந்தத் தறிச் சத்தத்தில், அதுவும் ஒரு சிறு அசைவுகூடத் தெருவுக்குத் தெரிந்துவிடும் வீட்டில், எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லாதவனிடம் ஒரு பெண் கேட்டது இதுதான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, தனியாகக் கொஞ்ச நேரம்.

ஹவுஸ் சர்ஜனாகச் சேர வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மச்சினர் வந்தார். இந்த முறை ஓடி வரவில்லை, நடந்து வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, "அக்கா வரச் சொல்லுச்சுங்க" என்றார். நான் ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

மாமாவின் வாய் திறந்திருந்தது. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். கண்மணி விரிந்து அசையாமல் நின்றது. மூக்கருகே புறங்கையை வைத்தேன். கழுத்தில் விரலை வைத்தேன். தறி துடித்தது. அநேகமாகத் தெரிந்துவிட்டது. ஆனால் அநேகமாக என்பதை வைத்துக்கொண்டு ஒரு தடவை அந்த வீட்டை நான் கூட்டத்தால் நிரப்பியிருந்தேன். நிறுத்தச் சொல்ல முடியாது. நிறுத்தாமல் கேட்கவும் முடியாது.

சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தேன்.

"அத்தை, கரண்ட் எப்பப் போகும்?"

அத்தை என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "இப்பப் போயிரும்," என்றார்.

கட்டிலின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்திருந்தோம். மச்சினர் ஒன்றும் தெரியாதவர் போல் தறி ஓட்டிக்கொண்டிருந்தார், அறுந்த இழையைக்கூட முடிந்தார். கரண்ட் கட்டைத் திட்டாத ஆள் அந்த ஊரில் கிடையாது. நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். அன்று அதற்காகக் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்து அதற்காக யாரும் காத்திருந்ததில்லை.

போயிற்று. தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஓய்ந்தது. யாரும் வாசலுக்கு வரவில்லை. எதிர் வீட்டில் யாரோ வழக்கம்போல் மின்சார வாரியத்தின் பரம்பரையை விசாரித்தார்கள். ஒரு ரேடியோ பாட்டரியில் பாட ஆரம்பித்தது.

நான் காதுக் குழாயை மாட்டி மறுமுனையை மாமாவின் நெஞ்சில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். நெஞ்சின் நாலு இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். போதும் என்ற பிறகும் கேட்டேன். என் காதில் ஓடும் என் ரத்தத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"போயிட்டாருங்க அத்தை."

தலையை ஆட்டினார். தம்பியிடம், "கதவச் சும்மா சாத்து. தாப்பாப் போடாத," என்றார். பிறகு மாமாவின் மூக்குக் குழாயை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அத்தை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து அவர் முகத்தைத் துடைத்தார். தறி ஓடாததால் புதிதாகப் பஞ்சு விழவில்லை. முதல் தடவையாகத் துடைத்த முகம் துடைத்தபடியே இருந்தது. காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, காதில் விழாத குரலில் அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டினாரா என்று தெரியாது. நான் முன்னறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

கரண்ட் வந்தது. தெருவின் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. மாமா வீட்டில் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுத் தறி கொஞ்சம் ஓடிவிட்டு, சந்தேகப்பட்டது போல் நின்றது. பிறகு எதிர் வீடு. அத்தை மாமாவின் காலை மெல்லக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "இனி வரட்டுங்க," என்றார்.

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்க் காரியம் முடித்துவிட்டுத் தலையில் ஈரத்தோடு திரும்பினோம். எனக்குப் பக்கத்தில் மச்சினர் நடந்து வந்தார். மனதுக்குள் நான் ஏதோ ஒரு பரீட்சையில் தேறிவிட்டது போலவும், அவர் வாயிலிருந்து அதை ஒட்டி ஒரு வார்த்தை வரப்போவது போலவும் எனக்கு ஒரு எதிர்பார்ப்பு. ஸ்டிக்கர் வாங்கிய புத்தி அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் கட்டியிருந்தது. கல்யாண போட்டோவில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். மச்சினர் நின்றார். கீழே, மறைந்த தேதி இருந்த இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தின் ஒரு மூலை காற்றில் எழும்பி நின்றது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைத்தார்.

"அன்னைக்கு அடிச்சதேதானுங்க இது. வீணாக்க வேண்டாம்னு சுருட்டிப் பரண்மேல வெச்சிருந்தோம்," என்றார். "தேதிய மட்டும் மாத்துனோம். நீங்க சொன்னதுல அது ஒன்னுதானுங்க தப்பு."